‘சும்மாதானே இருக்கீங்க!’

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நேர மேலாண்மை பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. காலை 4 மணிக்கு எழுந்திருங்கள், முதல் நாள் ராத்திரியே பட்டியல் போட்டு வையுங்கள், ஒவ்வொரு நிமிடத்தையும் காசு மாதிரி எண்ணிச் செலவு செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் 34 வருஷம் நாலரைக்கு எழுந்தவள் என்ற முறையில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். சீக்கிரம் எழுந்தால் நேரம் மிச்சமாகும் என்பதெல்லாம், எழுந்தவருக்குக் காபி போட்டுக் கொடுக்க இன்னொருவர் எழுந்திருக்கிற வீட்டில்தான் நடக்கும். எங்கள் வீட்டில் நான் 4 மணிக்கு எழுந்தால், 5 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய வேலை 4 மணிக்கே ஆரம்பிக்கும். அவ்வளவுதான்.

கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்த 240 நாள் விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

வேலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். பிறந்தது 1963 ஜூன். பழைய கணக்குப்படி 58 வயதில், அதாவது 2021 ஜூனில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். 2020 மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். அன்றைக்கு எங்கள் செக்‌ஷனில் ஸ்வீட் கொடுத்துக் கொண்டாடினோம். இரண்டு வருஷச் சம்பளம் என்றால் லேசா? வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் எங்களைத் திட்டியிருப்பார்கள், அது தனிக் கதை. நானும் சந்தோஷப்பட்டவள்தான், இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். செய்யாறில் இருக்கும் என் அக்கா மட்டும் போனில் கேட்டாள்: “அப்போ நாம மலை சுத்தறது இன்னும் ரெண்டு வருஷம் தள்ளிப்போச்சா?”

மலை என்றால் திருவண்ணாமலை. எனக்கு இங்கேயிருந்து போளூர் வழியாக இரண்டு, இரண்டரை மணி நேர பஸ். அவளுக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவைகூடக் கிரிவலம் போனதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகளை ராத்திரியில் அனுப்ப அப்பா சம்மதிக்கமாட்டார். அப்புறம் குழந்தைகள், அப்புறம் மாமியார் மாமனார், அப்புறம் ஆடிட், அப்புறம் எலெக்‌ஷன் டூட்டி. “நான் ரிட்டயர் ஆனதும் வருகிற முதல் பௌர்ணமிக்குப் போறோம்” என்று வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன். நடுவில் கொரோனாவில் பௌர்ணமி கிரிவலத்துக்கே தடை போட்டுவிட்டார்கள், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தடையை எடுத்த பிறகும் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தது. பௌர்ணமி மாதாமாதம் வந்தது. போகவில்லை.

லீவு இல்லாமலா? அதுதான் சொல்ல வந்தது. அரசு ஊழியர்களுக்கு ஈட்டிய விடுப்பு என்று ஒன்று உண்டு. வருஷத்துக்கு 30 நாள் சேரும், எடுக்காமல் வைத்தால் 240 நாள் வரைக்கும் கணக்கில் நிற்கும், ஓய்வு பெறும்போது கையிருப்பில் இருக்கிற நாட்களுக்குச் சம்பளமாகவே கொடுத்துவிடுவார்கள். அதனால் உண்டியல் மாதிரி அதைத் தொடவே மாட்டோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால்கூட முதலில் தற்செயல் விடுப்பு, அது தீர்ந்தால் மருத்துவச் சான்று, அதுவும் முடியாவிட்டால் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவது. 2023 ஜூன் 30 அன்று எனக்குச் சால்வை போட்டு வழியனுப்பியபோது அதிகாரி மைக்கில் சொன்னார், “மேடம் முழுசா 240 நாளும் அப்படியே வச்சிருக்காங்க.” எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பணத்தில் பாதி மொட்டை மாடிக்குக் கூலிங் டைல்ஸாகவும் மீதி பையனின் காருக்கு முன்பணமாகவும் போனது.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாளே, ஜூலை 3ஆம் தேதி, பௌர்ணமி. அக்காவைக் கூட்டிக்கொண்டு போகச் செய்யாறுக்குப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்க முயற்சி செய்து, இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி, பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். முட்டி தேய்ந்துவிட்டதாம், ஒரு வருஷமாகவே வலியாம். போனில் ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன். “நீ போனை எடுத்தா பின்னாடி எப்பவும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, அதுல எங்கடி முட்டியைப் பத்திப் பேசறது” என்றாள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அவளால் தெருமுனைக் கடை வரைக்கும் போய்வர முடியவில்லை.

ஆகஸ்ட்டில் கூட்டமில்லாத ஒரு நாளாகப் பார்த்து ஆட்டோவில் சுற்றி வந்தோம். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து எட்டு லிங்கத்திலும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நிருதி லிங்கம் தாண்டியதும் அக்கா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். கம்பியைப் பிடித்து இறங்கி, “அந்த மரம் வரைக்கும் நடக்கலாமா?” என்றாள். நூறடி இருக்கும். என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தாள், ஆட்டோக்காரத் தம்பி பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார், ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. எங்களைத் தாண்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலேஜ் பெண்கள் நாலைந்து பேர் வேகவேகமாகப் போனார்கள். அக்கா அவர்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த 240 நாளில் ஒரு நாளை 2022ல் எடுத்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும், சொல்லவில்லை. ஒரு நாள் சம்பளத்தைவிட மேலான லாபத்துக்கு நான் அந்த நாளை விற்கவில்லை.

சரி, இனிமேலாவது நேரம் இருக்கிறதே, வாராவாரம் போய் அவளைப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் ‘சும்மாதானே’ ஆரம்பித்தது.

“சித்தி, நீங்க சும்மாதானே இருக்கீங்க, பாப்பாவை டான்ஸ் கிளாஸ்ல விட்டுட்டு வரமுடியுமா?” “ஆன்ட்டி, எங்க வீட்டு சிலிண்டர் வரும், நீங்க வீட்ல சும்மாதானே இருப்பீங்க.” வேலூரில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் பெரிய வைத்தியம் என்றால் எங்கள் ஊர்தான். வீட்டுக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி, அவர் சம்பந்தி, சம்பந்தியின் பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்துகொண்டே இருப்பார்கள். முன்பெல்லாம் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தால் போதும். ஓய்வு பெற்ற பிறகு, “மதனி சும்மாதானே இருக்காங்க, கூட வந்து டாக்டர்கிட்ட பேசட்டும்” என்று ஆகிவிட்டது. உடம்பு முடியாமல் வருகிறவர்களுக்குத் துணையாகப் போக நான் வருத்தப்படவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உண்மையிலேயே துணை தேவைப்பட்டவர்கள் பாதிப்பேர்தான் இருப்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் ‘சும்மா இரு’ என்பது பெரிய உபதேசம். அருணகிரிநாதருக்கு முருகன் சொன்னது, ரமணர் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னது. எங்கள் தெருவில் அதே வார்த்தை, ஓய்வு பெற்ற பெண்ணிடம் வேலை வாங்குவதற்கு முன்னால் போடுகிற பிள்ளையார் சுழி. என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்றவர்தான், எனக்கு மூன்று வருஷம் முன்னாலேயே. அவரை யாரும் ‘சும்மா இருக்கீங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் ‘ரெஸ்ட்’ எடுக்கிறார்.

ஓய்வு பெற்று நாலு மாதம் ஆனபோது, ‘வேலைக்குப் போகும்போது இருந்த நேரம்கூட இப்போ இல்லையே’ என்று நானே புலம்ப ஆரம்பித்திருந்தேன். ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான் இது, நானும் முன்பு கேட்டுச் சிரித்திருக்கிறேன். புள்ளியியல் துறையில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, “புலம்பாதே, எழுதிப் பார்” என்றாள். மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்துகிறது. வீடு வீடாகப் போய், முதல் நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரைக்கும் ஒவ்வொரு அரை மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். 1998-99ல் ஆறு மாநிலங்களில் முதன்முதலாகச் சோதனைபோல் நடத்தியபோதே தமிழ்நாடும் அதில் இருந்தது, அப்புறம் நாடு முழுக்க 2019லும் 2024லும் நடத்தினார்கள். அதே மாதிரி நீயும் உனக்கு நீயே நடத்திக்கொள் என்றாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நாளுக்கு 48 கட்டம் போட்டு, 14 நாள் எழுதினேன். மொத்தம் 672 கட்டம். ஆபீஸ் புத்தி போகுமா, தினமும் ராத்திரி கூட்டிக் கையெழுத்து வேறு போட்டேன்.

முதல் அதிர்ச்சி போன். அரை மணி நேரம் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சராசரி இரண்டு மணி நாற்பது நிமிஷம். போனிலேயே ஒரு இடத்தில் கணக்குக் காட்டுகிறது, பையன்தான் திறந்து காட்டினான், ஒரு நாளைக்கு 90 தடவைக்கு மேல் திறந்திருக்கிறேன். எட்டு குரூப். குடும்ப குரூப்பில் காலை வணக்கம் ரோஜாப்பூவோடு, பேட்ச் குரூப்பில் அதே ரோஜாப்பூ, பென்ஷனர் குரூப்பில் அதே பூ கொஞ்சம் மங்கலாக. பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்களே என்று எட்டுக்கும் கும்பிடு போட்டுவிட்டு நிமிர்ந்தால் ஏழு மணி ஆகியிருக்கும். அந்த 14 நாளில் பலாக்கொட்டை சமையல் வீடியோ மட்டும் 11 பார்த்திருக்கிறேன், எல்லாம் கட்டத்தில் இருக்கிறது. ஒரு நாளும் பலாக்கொட்டை வாங்கவில்லை. உங்கள் பேப்பருக்காக முகஸ்துதி பாடுவதாக நினைக்க வேண்டாம், ஆனால் பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது, அது வந்ததும் மடித்து வைத்துவிடுகிறோம். போனில் விரல்தான் ஓய வேண்டும்.

இரண்டாவது விசேஷங்கள். அது முகூர்த்த மாதம், 14 நாளில் ஏழு பத்திரிகை. ஒவ்வொன்றுக்கும் புடவை எடுத்து வைப்பதிலிருந்து வீட்டுக்கு வந்து தலைவலிக்குக் காபி குடிப்பது வரைக்கும் கணக்குப் போட்டால் ஏழெட்டு கட்டம் போகிறது. மண்டபத்தில் என்ன செய்தோம்? மேடைக்குப் போக வரிசையில் முக்கால் மணி நேரம். மேலே போனதும் கவரைக் கொடுத்து, ‘இங்க பாருங்க’ என்று போட்டோகிராபர் சொல்ல, பத்து விநாடியில் அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். பெண்ணுக்கு நான் யாரென்றே தெரியாது. அப்புறம் பந்தி. சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்போமே, அந்த நிற்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘இலைக்குக் காத்திருந்தது’ என்று எழுதினேன். பெண்ணின் அம்மாவிடம் ஏழு கல்யாணத்தில் ஒரு கல்யாணத்திலும் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை.

வீட்டு வேலையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை: நாளுக்கு ஐந்து மணி பத்து நிமிஷம். 2024ஆம் வருஷக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க வீட்டு வேலை செய்கிற பெண்களுக்குச் சராசரி 289 நிமிஷம், ஆண்களுக்கு 88 நிமிஷம் என்று வந்திருக்கிறது, அதுவும் ஆண்களில் நூற்றுக்கு 27 பேர்தான் வீட்டு வேலையில் கையே வைக்கிறார்கள். 2019ல் பெண்களுக்கு 299 ஆக இருந்தது. ஐந்து வருஷத்தில் பத்து நிமிஷம் மிச்சம். ஆண்கள் கணக்கும் 97லிருந்து 88க்கு இறங்கியிருக்கிறது, அந்த ஒன்பது நிமிஷம் எங்கே போனதோ. இதை வீட்டில் வாசித்துக் காட்டியபோது, பட்டாணி உரித்ததையும் சேர்த்தால் தான் 88ஐத் தாண்டிவிட்டதாக இவர் வாதாடினார். டிவி பார்த்துக்கொண்டே உரித்தார் என்பது என் கட்சி.

இதெல்லாம் போகட்டும். 672 கட்டத்தையும் இரண்டு தடவை தேடினேன், அக்காவுக்கு என்று ஒரு முழுக் கட்டம் இல்லை. இரண்டு போன், ஒன்று 9 நிமிஷம், இன்னொன்று 13 நிமிஷம். பலாக்கொட்டைக்கு அதைவிட அதிகம்.

அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரியவர் ஞாபகம் வந்தது. சம்பந்தம் இல்லாமல் என்ன, சம்பந்தம் இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் மலைமேல் ஊர் ஒன்றிலிருந்து ஒரு கையெழுத்துக்காக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அடிவாரம் வரைக்கும் நடந்து இறங்கி, பஸ் பிடித்து, மஞ்சள் பையில் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார். முதல் தடவை அதிகாரி கேம்ப் போயிருந்தார். இரண்டாவது தடவை ஒரு ஜெராக்ஸ் குறைந்தது. மூன்றாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, மணி 5.20, நான் பீரோவைப் பூட்டிவிட்டேன். “நாளைக்கு வாங்க ஐயா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாளும் வந்தார். பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்திருந்தால் நாலு நிமிஷம். என் நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க அவருடைய ஒரு முழு நாளை வாங்கிக்கொண்டேன், கூலியும் போயிருக்கும். 34 வருஷத்தில் ‘நாளைக்கு வாங்க’ என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்? அவர்களும் ‘சும்மா’ இருப்பவர்கள் என்ற நினைப்பில்தானே சொன்னோம். இப்போது இ-சேவை வந்து பாதி அலைச்சல் குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு இன்னும் ஒரு பீரோவும் அதைப் பூட்டுகிற ஒரு கையும் இருக்கத்தான் செய்கிறது. இந்தக் கடிதத்தை இப்போது சர்வீஸில் இருக்கிற யாராவது படித்தால், மணி 5.20க்கு வருகிறவரை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் நேரத்தை யாரோ எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுத உட்கார்ந்துவிட்டு, நான் எடுத்துக்கொண்டதை மறைத்தால் நன்றாயிருக்காது.

சரி, அதற்குப் பிறகு என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு என்று ஒதுக்கினேன். ஏன் செவ்வாய்? அன்றைக்கு எங்கள் பக்கம் யாரும் நல்ல காரியம் ஆரம்பிக்கமாட்டார்கள், பத்திரிகை வராது, அவ்வளவுதான் காரணம்.

ஒதுக்குவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம். முதல் செவ்வாயே நாத்தனார் மகள் பாஸ்போர்ட் விஷயமாகத் துணைக்குக் கூப்பிட்டாள். “அக்காவைப் பார்க்கப் போறேன்” என்றேன். “அதுக்கென்ன அத்தை, நாளைக்குப் போய்க்கலாமே” என்றாள். போய்விட்டேன், பாஸ்போர்ட்டுக்குத்தான். அடுத்த வாரம் இன்னொருவர் கூப்பிட்டபோது, “டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு” என்று ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். உடனே, “ஐயோ, என்ன ஆச்சு, பாத்துப் போய்ட்டு வாங்க” என்றார்கள். இதை நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஆஸ்பத்திரி என்றால் மறுபேச்சு கிடையாது, ஆபீஸ் என்றால் மறுபேச்சு கிடையாது, கோயில் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதை உண்டு. கூடப்பிறந்தவளோடு உட்கார்ந்து பேசப் போகிறேன் என்றால் மட்டும் அது ஒரு காரணமே இல்லை. நாலு வாரம் டாக்டரை வைத்தே ஓட்டினேன். எனக்கு என்னவோ பெரிய வியாதி என்று ஊரெல்லாம் பரவி, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அப்புறம்தான் பொய்யை விட்டேன். இப்போது, “செவ்வாய் முடியாது, புதன் வரட்டுமா?” என்கிறேன். காரணம் சொல்வதில்லை. காரணம் சொன்னால்தான் அதை எடைபோட ஆரம்பிக்கிறார்கள்.

கல்யாணங்களுக்கு வேறு வழி கண்டுபிடித்தேன். நான் வராவிட்டால் தேடுவார்கள் என்கிற வீட்டுக்கு முகூர்த்தத்துக்கே முதல் ஆளாகப் போய், காலை டிபனிலிருந்து தாலி கட்டும் வரைக்கும் இருக்கிறேன். மற்றவற்றுக்கு மண்டபத்துக்குப் போவதில்லை, பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போய் மொய்யைக் கையில் கொடுக்கிறேன். முதலில் சில பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இரண்டு பேர் இன்னும் இறக்கவில்லை. ஆனால் போன மாதம் அப்படிப் போன ஒரு வீட்டில், பெண்ணின் அம்மா ரவா உப்புமா கிண்டிக்கொண்டே, மகளை அனுப்பிய அன்றைக்கு ராத்திரி மூன்று தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி எடுத்து வைத்ததைச் சொன்னாள். மண்டப வரிசையில் நின்றிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

போன் விஷயத்தில் ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். நாலு குரூப்பிலிருந்து வெளியே வந்தேன், ஒன்றில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். சார்ஜரைக் கூடத்தில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாட்டியதில், படுக்கையில் பார்ப்பது மட்டும் நின்றது. இரண்டு மணி நாற்பது இப்போது ஒன்றரையில் நிற்கிறது, சில வாரம் ஏறுகிறது. பலாக்கொட்டையிலிருந்து இப்போது கோலத்துக்கு மாறியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அங்கே போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. முருங்கைக்கீரை உருவுவோம். மத்தியானம் சிமென்ட் தரையில் ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அப்பா எங்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க மறுத்த கதையை அவள் ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொல்வோம். முட்டி ஒத்துழைத்தால் சாயங்காலம் ஆட்டோவில் திருவோத்தூர் கோயில், ஆண்பனை பெண்பனையான கோயில் அதுதான், உள்ளே பாதிப் பிராகாரம் நடந்துவிட்டு மீதிக்குத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவோம். பேச்சே இல்லாமல் அரை மணி நேரம்கூடப் போகும். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன், எப்போதாவது ஒரு வாரம் எழுதிப் பார்ப்பேன். அப்படி எழுதும்போது அந்த ஒரு கட்டத்தில் மட்டும் ‘சும்மா’ என்று எழுதுகிறேன். மற்ற 47 கட்டத்திலும் அந்த வார்த்தையைப் போட எனக்கு இதுவரை இடம் கிடைத்ததில்லை.

உங்கள் கட்டுரையாளரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்ன பட்டியலைக்கூட ஒரு நாள் போட்டுப் பார்த்தேன், 19 வேலை வந்தது, அதில் 14 வேலை மற்றவர்களுடையது. அடுத்த தடவை எழுதும்போது எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதோடு, எழுந்து யாருக்காக ஓட வேண்டும் என்பதையும் கொஞ்சம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சர்வீஸில் இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னொன்று: விடுப்புக் கணக்கு 240ஐத் தொட்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டுவிட்டதென்றால், அதற்குமேல் சேராது, எடுக்காத நாள் காற்றோடு போகிறது. தொடவில்லையென்றாலும் ஒன்றிரண்டு குறைந்தால் மாடிக்கு டைல்ஸ் கொஞ்சம் குறையும், வேறொன்றும் ஆகாது.

இன்னும் எழுதலாம், ஆனால் இன்று திங்கட்கிழமை ராத்திரி. அக்கா பருப்புப் பொடி கேட்டிருந்தாள், வறுத்து வைத்தது ஆறிவிட்டது, அரைக்க வேண்டும். காலையில் ஆற்காடு வழி பஸ் ஏழேகாலுக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருத்தி,
வேலூர்.